மரியா மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். குழந்தை தன் கைகளால் செய்து தானே கற்றுக்கொள்ளும் மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கியவர் இவரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவர் சென்னையிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து பணியாற்றினார்.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் அன்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் மரியா பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ ஓர் அரசு அலுவலர். தாய் ரெனில்டே ஸ்டோப்பானி. தந்தையின் பணி மாற்றம் காரணமாக 1875 இல் குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெண்கள் அதிகம் சேராத தொழில்நுட்பப் பள்ளியில் 13 ஆவது வயதில் சேர்ந்த மரியா, பின்னர் மருத்துவம் பயில விரும்பினார். தந்தை இதை எதிர்த்தார். தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணக்கூறாய்வு செய்ய அனுமதி இல்லாததால், வகுப்பு முடிந்த பின் தனியே அப்பணியைச் செய்ய வேண்டியிருந்தது. 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் இவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டு, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என வலியுறுத்தினார்.

மகன் மாரியோ

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பணியில் மாண்டிசோரி, சக மருத்துவரான ஜூசெப்பே மொன்டெசானோவுடன் இணைந்து செயல்பட்டார். 1898 இல் இவர்களுக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. திருமணமான பெண் தொழிலைக் கைவிட வேண்டும் என்பதே அக்கால வழக்கம். மணமாகாத தாய்க்கோ சமூகத்தில் இடம் இல்லை. ஆகவே குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டு, இரகசியமாக வளர்க்கப்பட்டது. மொன்டெசானோ பின்னர் வேறொரு பெண்ணை மணந்தார். 1901 இல் மாண்டிசோரி அவருடன் நடத்திய ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தை விட்டு விலகினார்.

குழந்தைகள் இல்லம்

ஜனவரி 6, 1907 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கப்பட்டது. இது தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளேயே அமைந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் சிறுவர்கள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் சேதப்படுத்தி வந்தனர். அவர்களைக் கவனித்துக்கொள்ளக் குடியிருப்பைப் புதுப்பித்த நிறுவனம் இவ்வேற்பாட்டைச் செய்தது.

இங்கு குழந்தைகளின் உயரத்திற்கு ஏற்ற மேசை, நாற்காலிகள் வைக்கப்பட்டன. கை கழுவுதல், பொத்தான் மாட்டுதல், தரை பெருக்குதல், உணவு பரிமாறுதல், செடிகளைப் பேணுதல் ஆகியவை பாடங்களாயின. புலன் பயிற்சிக் கருவிகளும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களும் தரப்பட்டன. அவ்வெழுத்துக்களை விரலால் தடவிப் பழகிய குழந்தைகள், ஐந்து வயதிற்கு முன்னரே எழுதத் தொடங்கியது பலரை வியப்பில் ஆழ்த்தியது.

பெற்றோரின் பங்கு

குழந்தைகள் இல்லத்தின் விதிகளில் பெற்றோரின் கடமைகளும் இடம்பெற்றிருந்தன. கட்டணம் கிடையாது. மாறாக, குழந்தையைத் தூய உடலுடனும் உடையுடனும் உரிய நேரத்தில் அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒருமுறையாவது ஆசிரியரைச் சந்தித்து, வீட்டில் குழந்தை நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியர் அதே குடியிருப்பில் வசித்ததால், குடும்பங்களின் வாழ்க்கையை நேரில் அறிந்திருந்தார்.

வீட்டு வேலைகளையே பாடமாக்கிய இம்முறையில், பள்ளியில் பழகியதை வீட்டிலும் தொடர முடிகிறது. பருவத்திற்கு ஏற்ப வேலைகளும் மாறுகின்றன. எடுத்துக்காட்டாக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள மாண்டிசோரி வகுப்புகளில் இலையுதிர் காலத்தில் குழந்தைகள் முற்றத்து இலைகளை வாரிக் கூட்டுகின்றனர். உதிர்ந்த இலையை மரத்தாலான இலை வடிவங்களுடன் ஒப்பிட்டு இனம் காண்கின்றனர். ஆப்பிளை நறுக்கித் தோழர்களுக்குப் பரிமாறுகின்றனர். பெற்றோர் வகுப்பிற்கு வந்து குழந்தைக்கு அருகில் அமர்ந்து, குறுக்கிடாமல் கவனிப்பதும் உண்டு. பெரியவர்கள் அவசரப்பட்டுச் செய்து கொடுக்கும் உதவி குழந்தையின் முயற்சியைத் தடுக்கும் என்பது மாண்டிசோரியின் கருத்தாகும்.

புகழும் எதிர்ப்பும்

1909 இல் வெளியான இவரது நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1912 இன் இறுதியில் தாய் இறந்த பின், ஏறத்தாழ 15 வயதான மாரியோவை மாண்டிசோரி தன்னுடன் அழைத்துக்கொண்டார். எனினும் வெளியுலகிற்கு அவர் உறவினர் அல்லது வளர்ப்பு மகன் என்றே நெடுங்காலம் அறிமுகப்படுத்தப்பட்டார்.

1913 இல் அமெரிக்காவில் இவருக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. ஆனால் 1914 இல் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் இம்முறையைக் கடுமையாக விமரிசித்து நூல் எழுதினார். அதன்பின் அங்கு ஆர்வம் குறைந்தது.

இத்தாலியில் 1924 முதல் முசோலினியின் அரசு மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தது. மாண்டிசோரியும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். இது இன்றும் விமரிசிக்கப்படுகிறது. பின்னர் அரசுடன் முரண்பட்டு 1934 இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1936 இல் எசுப்பானிய உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சிலோனாவிலிருந்தும் வெளியேறி, நெதர்லாந்தில் குடியேறினார்.

இந்தியாவில்

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 இல் மாண்டிசோரி மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அங்கு நடந்த முதல் பயிற்சி வகுப்பில் 300 பேர் அளவில் கலந்துகொண்டனர்.

ஜூன் 1940 இல் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் மாரியோவைப் பிரித்தானிய அரசு தடுப்பு முகாமில் அடைத்தது. மாண்டிசோரியின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டு மாதங்களுக்குப் பின் அவரது 70 ஆவது பிறந்தநாளையொட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார். விடுதலையை அறிவித்த வைசிராயின் தந்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். வெளியில் சொல்லப்படாதிருந்த உறவு இவ்வாறு 42 ஆண்டுகளுக்குப் பின் ஓர் அரசுத் தந்தியில் இடம்பெற்றது.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்ற சிறு பள்ளி அங்கு நடைபெற்றது. மலைச் செடிகளையும் சிற்றுயிர்களையும் குழந்தைகளுடன் ஆராய்ந்த அனுபவம், அண்டக் கல்வி என்னும் கருத்து வளர உதவியது. அண்டம், புவி, தாவரம், விலங்கு, மனிதர் அனைத்தையும் ஒன்றோடொன்று தொடர்புடையனவாகக் கற்பிப்பதே இதன் அடிப்படையாகும். 1944 இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

மாரியோவின் நான்கு பிள்ளைகளும் போர் முடியும் வரை நெதர்லாந்திலேயே இருந்தனர். மாண்டிசோரி 1946 இல்தான் அங்கு திரும்ப முடிந்தது. 1947 இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். இந்தியாவில் இவர் ஆற்றிய விரிவுரைகளின் அடிப்படையில் ஒரு நூல் 1949 இல் அடையாறில் வெளியிடப்பட்டது.

மறைவு

மே 6, 1952 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் மாண்டிசோரி காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். தன் உயில் வழியாக மாரியோவை மகன் என ஏற்றுக்கொண்டார். 1929 இல் இருவரும் தொடங்கிய பன்னாட்டு மாண்டிசோரி சங்கத்தின் பணியை மாரியோ 1982 இல் தாம் இறக்கும் வரை தொடர்ந்தார்.

யூரோ நடைமுறைக்கு வருவதற்கு முன் இத்தாலியின் 1000 லிரா பணத்தாளில் மாண்டிசோரியின் உருவப்படம் இடம்பெற்றிருந்தது. ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் கட்டணமின்றித் தொடங்கிய இம்முறை, பல நாடுகளில் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளிலேயே பெரிதும் பின்பற்றப்படுகிறது.