தேக்கு நட்ட துரை

பாலக்காட்டிலிருந்து பறம்பிக்குளம் செல்பவர் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் ஏறித்தான் மீண்டும் கேரளத்தில் இறங்க வேண்டும். இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்த எல்லை விளையாட்டு புதிதன்று. அவ்வழியில், மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்குகளின் நடுவே ஒரு கல்லறை உண்டு. தாவரவியல் பயிலும் நான், அதில் உறங்கும் ஹ்யூகோ வுட்டைப் பற்றித் தோழர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வுட் பிறந்தது 1870-இல். அதற்கு முன்பே கதை தொடங்கிவிட்டது. 1840-களின் இறுதியில் சர்க்கார் கொல்லங்கோட்டு நம்பிடியிடம் ஆனைமலைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தது. பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்தது. பிறகு இரயில் பாதைக்குக் கட்டைகள். உச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடமே டாப்ஸ்லிப் ஆயிற்று. வெட்டுவதற்குப் பணம் இருந்தது. நடுவதற்கு? வெட்டிய மரம் அவ்வாண்டே வரவாகும். நட்ட தேக்கு முதிர அறுபது, எண்பது ஆண்டுகள் வேண்டும். பணம் ஒதுக்கியவர் அதுவரை இரார். எந்தக் கணக்குப்பிள்ளை அதை வரவென்று எழுதுவார்?

1915 வாக்கில் கோவையின் தென்பகுதிக் காடுகளுக்கு வன அதிகாரியாக வந்த வுட், இந்தக் கணக்கையே மாற்ற முனைந்தார். வேரோடு பெயர்க்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் தேக்கு மீண்டும் துளிர்க்கும். வெறுமையான இடங்களில் புதிதாக நடலாம். இதையே முறையான வேலைத் திட்டமாக்கினார். கைத்தடியால் குழியிட்டு, பையிலிருந்த தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடந்தார் என்று மலையில் கதை சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் கைத்தடியால் காடு வளர்ந்துவிடாது. களையெடுப்பு, தீத்தடுப்பு, காவல் என்று ஆண்டுதோறும் செலவு உண்டு. உடல் உழைப்போ காடருடையது, மலசருடையது. மரம் இழுத்த யானைகளின் பாகர்களும் மலசரே. அவர்களுக்குக் கல்லறை எழுத்து ஏது?

வுட் மணம் செய்துகொள்ளவில்லை. 1933-இல் குன்னூரில் இறந்தார். அவர் விரும்பியபடியே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அடக்கம் செய்தனர். தம்மைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் பொருள்பட லத்தீனில் பொறித்திருக்கிறது.

சுற்றிலும் பார்த்தால் தேக்கு மிகுதிதான். தேக்கு மட்டுமே நிற்பது இயற்கைக் காடன்று என்று எங்கள் துறையில் இன்று குறை சொல்வார்கள், அதுவும் நியாயமே. ஆனைமலை 2007-இலும் பறம்பிக்குளம் 2010-இலும் புலிகள் காப்பகங்களாயின. மரம் வெட்டி வரும் வருவாய் அங்கே இனி இல்லை. செலவு மட்டும் உண்டு. புலித் திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்து ஏற்கின்றன. கோடையில் தீக்காவல் நிற்கும் காடர், மலசர் வீட்டு இளைஞரின் கூலி, அந்தப் பணம் மலையேறி வரும் நாளைப் பொறுத்தது.