நிவேதிதா தேவியார் பிறந்த குடி

காங்கேய நாட்டில் ஒருவர் மற்றொருவரை முதன்முறை காணுங்கால் ஊர் யாது, கூட்டம் யாது, குலதெய்வம் எங்கேயுளது என வினவியறிதல் தொன்றுதொட்ட வழக்கம். குடிவழியை இவ்வளவு கருத்தாகப் போற்றும் நம்மவர், ஒருவர் பிறந்த குடி அவருடைய வாழ்க்கையை எவ்வளவு தூரம் நடத்திச் செல்லும் என்பதையும் ஆராய்ந்து பார்த்தல் நன்று. அவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு வரலாறு, மேலைக்கடலுக்கு அப்பாற் பிறந்து, பாரதியாரால் குருவெனப் போற்றப்பட்ட நிவேதிதா தேவியாருடையது.

மார்கரெட் எலிசபெத் நோபிள் என்பது அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர். அயர்லாந்துத் தீவின் வடபால் டைரோன் என்னும் கோட்டத்திலுள்ள டங்கானன் என்ற சிற்றூரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சாமுவேல், தாயார் மேரி இசபெல். தலைமகவாகிய இக்குழந்தை இடரின்றிப் பிறக்குமாயின் அதனை இறைபணிக்கே ஒப்புவிப்பதாகத் தாயார் நேர்ந்துகொண்டனர் என்பர். நம் ஊர்ப் பெண்டிர் செய்யும் நேர்த்திக்கடன் போன்றதே அது.

ஈண்டு அயர்லாந்தின் பழஞ்செய்திகளைச் சிறிது கூறாக்கால் பின்வருவன விளங்கா. அத்தீவு நெடுங்காலம் ஆங்கில அரசுக்கு அடங்கிக் கிடந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபகுதி நிலங்களைப் பழங்குடிகளிடமிருந்து பறித்து, ஸ்காத்லாந்தினின்றும் இங்கிலாந்தினின்றும் வந்தோர்க்கு அரசு பகிர்ந்தளித்தது. பழங்குடிகள் கத்தோலிக்கர், வந்தேறியவர் சீர்திருத்தச் சமயத்தார். நிலமும் பதவியும் வந்தவர் கைப்பட, இருந்தவர் குத்தகைக் குடிகளாயினர். 1699ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம், அயர்லாந்தில் நெய்த கம்பளித் துணியை இங்கிலாந்தன்றி வேறெந்நாட்டிற்கும் அனுப்பலாகாது எனச் சட்டம் செய்தது. இங்கிலாந்திலோ அதன்மீது கடுந்தீர்வை. தறியும் நூலும் கொண்டு வாழும் இப்பகுதியினர்க்கு அச்சட்டத்தின் கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் கொடியது 1845இல் தொடங்கிய பஞ்சம். ஏழைகளின் உணவு உருளைக்கிழங்கு ஒன்றே. அப்பயிரை ஒரு நோய் பற்றி அழித்தது. அழிவு ஐந்தாண்டுகள் தொடர்ந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அவ்வளவினர் அமெரிக்கா முதலிய நாடுகட்குக் கப்பலேறினர். 1841இல் 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 66 இலட்சமாகக் குறைந்தது. அக்காலத்தே மற்றை உணவுப்பொருள்கள் அயர்லாந்தினின்று கப்பல்வழி வெளிச்சென்றுகொண்டிருந்தமை வரலாற்றாசிரியர் கண்ட உண்மை. இப்பஞ்சத்திற்கு உதவிப் பொருள் திரட்டி விடுத்த அயலூர்களுள் கல்கத்தாவும் ஒன்று. பஞ்சம் தணிந்து இருபதாண்டு கழிவதற்குள் பிறந்தவர் மார்கரெட்.

ஆயினும், அயர்லாந்தில் பிறந்தமையால் அடிமைப்பட்ட நாட்டினர் துயரை அவர் இயல்பாகவே உணர்ந்தார் என்று பலரும் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றனர். உண்மை அத்துணை எளிதன்று. நோபிள் குடும்பத்தார் ஸ்காத்லாந்தினின்று வந்து குடியேறிய மரபினர். சமயத்தால் ஆள்வோர் பக்கத்தைச் சார்ந்தவர். ஆனால் பாட்டனார் ஜான் நோபிள் வெஸ்லி பிரிவைச் சேர்ந்த போதகர். அரசாங்கத் திருச்சபையின் ஆதிக்கத்தை எதிர்த்தவர். தாயைப் பெற்ற பாட்டனார் ஹாமில்டன், அயர்லாந்திற்குத் தன்னாட்சி வேண்டியவருடன் நின்றவர். வந்த குடியினராயினும் இருந்த மண்ணுக்கு உரியராயினர் என்க.

சாமுவேல் சமயக்கல்வி பயில மனைவியாருடன் இங்கிலாந்து சென்றபொழுது, குழந்தை மார்கரெட் அயர்லாந்திலேயே பாட்டியாரிடம் விடப்பட்டாள். நான்கு வயதளவும் பாட்டியார் கூறிய விவிலியக் கதைகளும் ஊர்க்கதைகளும் கேட்டு வளர்ந்தாள். தந்தையார் போதகராய் ஏழைகளிடை உழைத்து, முப்பத்துநான்கு வயதில் இறந்தார். அப்பொழுது மகட்கு ஆண்டு பத்து. தாயார் மக்களுடன் தம் தந்தையார் இல்லம் சேர்ந்தார். பின்னர் ஹாலிபாக்ஸ் என்னும் ஊரில் கண்டிப்பு மிக்க விடுதிப்பள்ளியில் மார்கரெட் கல்வி பயின்று, பதினேழாம் வயதில் ஆசிரியை ஆனார்.

பெஸ்தலாத்சி, பிரோபெல் என்னும் இருவர் வகுத்த புதிய கல்விமுறையை அவர் கைக்கொண்டார். குழந்தையின் உள்ளத்தில் நூற்பொருளை மேன்மேலும் திணியாது, அதன் கண்ணும் கையும் தாமே தேடிக் கற்குமாறு செய்தலே அதன் சாரம். இன்றும் நம் பள்ளிகளில் இது பேச்சளவில் நிற்பதை நான் நாள்தோறும் காண்கின்றேன். அவரோ விம்பிள்டனில் சொந்தப் பள்ளி நிறுவி நடத்திக் காட்டினார்.

1895ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டனில் விவேகானந்த அடிகளைக் கண்டார். கேட்டதை உடனே ஏற்கவில்லை. ஓராண்டுக்கு மேல் வாதிட்டே தெளிந்தார். 1898 சனவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் வந்திறங்கினார். மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் சாரதா தேவியாரைக் கண்டபொழுது, சிற்றூரில் ஆசாரமாக வளர்ந்த அந்தண விதவையாகிய அவ்வன்னையார், கடல்கடந்து வந்த பெண்டிருடன் ஒருங்கிருந்து உணவு கொண்டார். அடிகளே இதனை வியந்தனர். மார்ச்சு 25ஆம் நாள் நோன்பேற்ற மார்கரெட்டுக்கு நிவேதிதை என்னும் பெயர் வாய்த்தது. இறைவனுக்குப் படைக்கப்பட்டவள் என்பது அதன் பொருள். முப்பதாண்டுகட்கு முன் டங்கானனில் ஒரு தாய் செய்த நேர்த்திக்கடனை அடிகள் எண்ணிப் பெயரிட்டாரல்லர். எனினும் பெயர் அதனோடு பொருந்தி நின்றது.

இனிக் கூறுவதே என் கருத்தில் இவ்வரலாற்றின் நடுவிடம். நோன்பேற்ற சின்னாளில், நீ இப்பொழுது எந்நாட்டினள் என அடிகள் அவரை வினவினார். அம்மையார் ஆங்கிலக் கொடியின்பாற் கொண்ட பற்றை வேகத்தோடு வெளியிட்டனர். அடிகள் திகைத்தார். அயர்லாந்திற் பிறந்தவர், பாட்டனார் தன்னாட்சி வேண்டியவர், ஆயினும் தம்மை ஆங்கிலேயர் என்றே எண்ணியிருந்தார். குடிவழி அவர் உள்ளத்தில் முளையாத விதையாய்க் கிடந்தது. அதனை முளைப்பித்தது வங்காளத்தில் அவர் கண்ணாற் கண்டதே. ஆள்வோர் நெஞ்சின் வறுமையையும் ஆளப்படுவோர் வயிற்றின் வறுமையையும் மூன்று நான்கு ஆண்டுகள் உடனிருந்து கண்டபின், அயர்லாந்தும் இந்தியாவும் அவர் மனத்தில் ஒரு நிரையில் நின்றன.

பணிகள் பல. 1898 நவம்பர் 13ஆம் நாள் பாக்பசாரில் சாரதா தேவியார் திறந்துவைக்கப் பெண்கள் பள்ளி தொடங்கிற்று. பிள்ளைகளைத் தேடி அம்மையார் வீடுவீடாக நடந்தார். 1899இல் பிளேக்கு நோய் பரவிய காலத்துத் துடைப்பமேந்தித் தாமே தெருக் கூட்டினார். வெட்கிய இளைஞர் பின்தொடர்ந்தனர். 1902 சூலை 4ஆம் நாள் அடிகள் மறைந்ததும், அரசியலினின்று விலகி நிற்கும் மடத்துக்குத் தம்மால் ஊறு வாராமைப் பொருட்டு, இராமகிருஷ்ண சங்கத்தினின்று விலகித் தனித்து நின்றார். வங்கப் பிரிவினையைத் தொடர்ந்த சுதேசியக் கிளர்ச்சியில் உள்நாட்டுத் துணியையே உடுக்குமாறு ஊக்கினார். 1906இல் கீழை வங்கத்தில் வெள்ளமும் பஞ்சமும் வருத்தியபொழுது நீரினும் சேற்றினும் நடந்தும் ஓடத்திற் சென்றும் ஊரூராகக் கண்டு நூலெழுதினார்.

1905ஆம் ஆண்டின் இறுதியில் காசிக் காங்கிரசுக்குச் சென்ற பாரதியார், மீளுங்கால் கல்கத்தாவையடுத்து அவரைக் கண்டனர். மனைவியாரை ஏன் உடனழைத்து வரவில்லை என அம்மையார் வினவினர் என்றும், அங்ஙனம் அழைத்துச் செல்லும் வழக்கம் தம்மவரிடை இல்லை எனப் பாரதியார் கூற, பெண்மக்களை அறியாமையில் விடுத்து நாடு விடுதலை பெறுவது எங்ஙனம் என வருந்தினர் என்றும், சாதி வேற்றுமை பாராட்டாதிருக்குமாறு வேண்டினர் என்றும் பாரதியார் சரித்திரம் எழுதினோர் கூறுவர். ஒரு குலத்தார் சங்கத்தின் இதழில் இதனை எழுதுதல் பொருந்துமோ எனச் சில அன்பர்கள் ஐயுறலாம். உள்ளதை விடுத்து வரலாறு எழுதுதல் ஆசிரியர்க்கு அழகன்று. மேலும், நம் குடும்பப் பெண்கள் கற்கத் தலைப்பட்டமைக்கு எவரெவர்க்குக் கடன்பட்டுள்ளோம் என்பதை நம்மவர் அறிதல் வேண்டும். 1908இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ என்னும் நூலைப் பாரதியார் இவ்வம்மையார்க்கே உரிமையாக்கினார்.

ஓய்வற்ற உழைப்பால் உடல் நலிந்தது. 1911ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போசும் அவர் மனைவியாரும் அருகிருந்து பேண, டார்ஜிலிங்கில் நாற்பத்துநான்கு வயது நிரம்பாமுன்னரே காலமானார். இந்து முறைப்படி உடல் எரியூட்டப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1921இல், அயர்லாந்து இரு கூறாயிற்று. தென்பகுதி விடுதலைபெற, டைரோன் கோட்டம் ஆங்கில அரசின் பக்கமே நின்றுவிட்டது.

இறப்பதற்குச் சின்னாள் முன் அவர் இறுதிமுறி எழுதுவித்தார். தம் உடைமை முழுவதும், நூல்களால் வரும் வருவாயும் இந்தியப் பெண்களின் கல்விக்கே சேர்க எனப் பணித்திருந்தார். பாக்பசாரில் அவர் வீடுவீடாகச் சென்று பிள்ளை சேர்த்துத் தொடங்கிய பள்ளி அவர் பெயரால் இன்றும் நடைபெறுகின்றது.