குதிரையேறி வென்ற லிஸ் ஹார்ட்டெல் அம்மையார்

குதிரை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளும் மரக்குதிரையும், மாணிக்கவாசகர் பொருட்டு இறைவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடலுமேயாம். உயிருள்ள குதிரையை இக்கரையோரத்தில் காண்பது அரிது. நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கே கட்டின்றித் திரியும் மட்டக்குதிரைகளைக் கண்டிருப்பர். அப்பிராணியின் முதுகிலேறி, நோயினால் முடங்கிய தம் உடலைத் தாமே ஆளக் கற்ற ஒரு பெண்மணியின் சரிதத்தைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் 1921ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் திகதி டென்மார்க் தேசத்தில் பிறந்தார். இளமை முதலே குதிரையேற்றத்தில் பெருநாட்டங் கொண்டு, 1943, 1944ஆம் ஆண்டுகளில் தேசத்தின் வெற்றிவீராங்கனையாகத் திகழ்ந்தார். அவர் பயின்றது ஓட்டப் பந்தயமன்று. டிரெஸ்ஸாஜ் என்னும் கலை. குதிரையின் அடிவைப்பையும் திருப்பத்தையும் நடனம்போல் ஒழுங்குபடுத்திக் காட்டுவது அது. ஏறியிருப்பவர் தம் கால்களாலும் கடிவாளத்தாலும் இடும் கட்டளை பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படலாகாது.

1944 செப்டெம்பரில், வயது 23 ஆகியிருக்கையில், இரண்டாம் பிள்ளையைக் கருவில் சுமந்திருந்த அவரை இளம்பிள்ளைவாதம் பற்றியது. கைகால்கள் செயலிழந்தன. இறையருளாற் பெண்மகவு சுகத்துடன் பிறந்தது. தாயோ குழந்தையைப் போலவே யாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியவரானார். கையை உயர்த்தவும், தவழவும், பின்னர் ஊன்றுகோல் கொண்டு நடக்கவும் பழகினார். முழங்காலுக்குக் கீழே வலு மீளவேயில்லை. இவ்வளவே பெரிதென்று ஆறியிருக்கலாம். அவரோ தம்மைக் குதிரைமேல் தூக்கி வைக்கச் செய்தார்!

கால்களால் கட்டளையிட வேண்டிய கலையில் கால்களே இல்லாதது போலாயிற்று. ஆகவே ஜூபிலி என்ற பெண்குதிரைக்குத் தம் முதுகின் அசைவாலும் உடற்பாரத்தை இப்பாலும் அப்பாலும் மாற்றுவதாலும் குறிப்புணர்த்தினார். குதிரையும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டது. 1947இல் ஸ்கந்திநேவியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்.

ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் அக்காலத்தில் இராணுவ அதிகாரிகளுக்கே இடமிருந்தது. சார்ஜன்ட் ஒருவர் கலந்துகொண்டார் என்பதற்காக 1948இல் வென்ற தங்கப் பதக்கத்தைச் சுவீடன் அணி பின்னர் இழந்ததுமுண்டு. 1952இல் ஹெல்சிங்கியில் அவ்விதி தளர, பெண்கள் ஆடவருடன் சமமாய்ப் போட்டியிட்டனர். அங்கு அம்மையார் வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ற் சீர், மேடையேற இயலாத அவருக்குக் கைகொடுத்து ஏற்றியதைக் கண்டபோதே பலர் அவரது நிலையை அறிந்தனர் என்பர். 1956இல் ஒலிம்பிக் மெல்பேணில் நடந்தபோதும், அவுஸ்திரேலியச் சட்டம் வெளிநாட்டுக் குதிரைகளை அனுமதியாமையால் குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்றன. அங்கும் வெள்ளி.

இவ்வெற்றி வைத்தியர்களையும் சிந்திக்க வைத்தது. நோர்வேயில் எல்செபெட் பொட்கர் என்னும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், வாதநோயுற்ற சிறுவர்களை மட்டக்குதிரைகளில் ஏற்றிப் பழக்கினார். 1969இல் பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் இதற்கெனச் சங்கங்கள் அமைந்தன. ஒல்லாந்தில் அம்மையாரின் பெயராலேயே ஒரு நிறுவனம் உண்டு.

இதில் மாயமொன்றுமில்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், சற்றே சுழன்றும் அசைகின்றது. மனிதன் நடக்கையில் அவனது இடுப்பெலும்பும் ஏறக்குறைய இவ்வாறே அசையும். நடந்தறியாத பிள்ளையின் இடுப்புக்கு, நடையின் தாளத்தைக் குதிரை கடனாகக் கொடுக்கின்றது எனலாம். விழாதிருக்கும்பொருட்டு வயிறும் முதுகும் ஒவ்வோரடிக்கும் தம்மைச் சரிசெய்துகொள்ள, பெருமூளை வாதமுற்ற பிள்ளைகள் நிமிர்ந்திருக்கவும் சமநிலை பேணவும் தேறுகின்றனர். ஒருவர் குதிரையை நடத்த, இருபுறமும் இருவர் துணைவருவர், தலைக்கவசமும் அவசியம். நோயை இது மாற்றிவிடாது. கழுத்தெலும்பு தளர்ந்த பிள்ளைகளும் அடங்காத வலிப்புடையோரும் வைத்தியர் சொல்லாமல் ஏறுதல் ஆபத்து.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. நம்மவர் சிலர் இத்தகைய பிள்ளையை முற்பிறப்பின் வினையென்று சொல்லி உள்ளறையில் இருத்திவிடுகின்றனர். மிஷன் பாடசாலையிற் படித்தவன் சமயம் மறந்து பேசுகிறான் என்று பெரியோர் எண்ணவேண்டாம். வினையை நான் மறுக்கவில்லை. ஆனால் வினையைச் சாட்டி ஒரு பிள்ளையைப் பூட்டிவைக்கும்படி எந்தச் சமய நூலிலும் நான் படித்ததில்லை. எங்கள் தெருவிலும் அத்தகைய சிறுவன் ஒருவன் இருக்கின்றான். சென்ற திருவிழாவில் குதிரை வாகனம் அவ்வழி வந்தபோது அவன் சாளரக் கம்பியைப் பற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தான். வாகனத்தைத் தோளிற் சுமந்த வாலிபருள் நானும் ஒருவன். அவனைப் படலைவரை சுமந்துவர எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை.

குதிரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மன்னாரில் தெருக் கழுதைகளைப் பராமரிக்கும் நிலையமொன்று, விசேட தேவையுடைய சிறுவர்களை அக்கழுதைகளுடன் பழகவிட்டிருக்கின்றது. கழுதை நமக்கு ஏளனப் பொருள். அப்பிள்ளைகளுக்கோ அது தோழன்.

அம்மையாரை முடக்கிய நோய்க்கு 1955இல் தடுப்பூசி வந்தது. இலங்கையில் 1993இன் பின் அந்நோய் எவரையும் பற்றவில்லை. அம்மையார் பந்தயக் களத்தை விட்ட பின்னரும் குதிரையேற்றம் கற்பித்தும், வாதநோயாளருக்காக நிதி திரட்டியும் வாழ்ந்து, 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி தமது 87ஆவது வயதில் காலமானார்.