பேப்பரில் விஷம் ஏற்றியவர், அதைப் பிடிக்கவும் வழிகாட்டியவர்: யார் இந்த ஷீலே?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சூடாக ரெண்டு பஜ்ஜி கேட்டால், பழைய செய்தித்தாளில் வைத்துத் தரும் கடைகள் இன்னும் உண்டு. எண்ணெயோடு அச்சு மையும் சேர்ந்து ஊறும். 2018 பேக்கேஜிங் விதிகளிலேயே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இதற்குத் தடை போட்டுவிட்டது. ஆனால், பேப்பரில் விஷம் என்ற கதை 250 வருஷம் பழசு. அதன் தொடக்கத்தில் நிற்பவர், கார்ல் வில்ஹெல்ம் ஷீலே.

1742-ல் ஸ்டிரால்சுண்ட் நகரில் பிறந்தார். அன்று அது ஸ்வீடன் வசம், இன்று ஜெர்மனி. 14 வயதில் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், கடைசி வரை மருந்துக்கடைக்காரர்தான். ஆக்சிஜனை முதலில் பிரித்தெடுத்தவரும் இவரே. ஆனால் புத்தகம் 1777-ல்தான் வந்தது. அதற்குள் பிரீஸ்ட்லி பேர் வாங்கிவிட்டார். பாவம்!

1775-ல் தாமிரத்தையும் ஆர்செனிக்கையும் சேர்த்து, பளிச்சென்ற பச்சை நிறம் ஒன்றை உருவாக்கினார். அது விஷம் என்பது அவருக்கே தெரியும். வாங்குபவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நண்பருக்குக் கடிதமும் எழுதினார். யார் கேட்டார்கள்? 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவரெல்லாம் பச்சை வால்பேப்பர். சுவரிலிருந்து உதிர்ந்த தூசி, மூச்சோடு உள்ளே போனது.

அதே 1775-ல் ஷீலே இன்னொன்றையும் கவனித்திருந்தார். ஆர்செனிக் அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டால், பூண்டு வாடை அடிக்கும் வாயு கிளம்பும். இதை வைத்துத்தான் 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் தன் சோதனையை உருவாக்கினார். அந்த வாயுவைச் சூடாக்கினால், கண்ணாடியில் கறுப்பாகப் பளபளக்கும் கறை படியும். துளியூண்டு ஆர்செனிக் இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். 1874-ல் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் ராபர்ட் கெட்ஸி, ஆர்செனிக் கலந்த 86 வால்பேப்பர் துண்டுகளை ஆல்பமாக்கி, 100 பிரதிகளை மிச்சிகன் நூலகங்களுக்கு அனுப்பினார். ஆல்பமே விஷம் என்பதால், பல நூலகங்கள் பிறகு அதை அழித்துவிட்டன.

ஷீலே இதையெல்லாம் பார்க்கவில்லை. எந்த ரசாயனம் கிடைத்தாலும் முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்க்கும் பழக்கம் அவருக்கு. 1786-ல், 43 வயதில் இறந்துபோனார்.

1774-ல் அவர் கண்டறிந்த குளோரின்தான், பிறகு காகிதக்கூழை வெளுக்கப் பயன்பட்டது. அப்படி வெளுக்கும்போது டையாக்ஸின் என்ற நச்சு உருவாவது 1980-களில் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்து மாவட்டமான கரூரில், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிக்கும் டி.என்.பி.எல். ஆலையும் நேரடிக் குளோரினைக் கைவிட்டு, குளோரின் டையாக்சைடுக்கு மாறிவிட்டது.