வைத்தியருக்கும் பரீட்சை வைத்தவர்

ஏற்காடு போயிருக்கிறீர்களா? அங்கே சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களுக்குப் பச்சிலை தெரியும். பாட்டனிடமிருந்து பேரன் கற்ற வித்தை அது.

மலை இறங்கி வந்தால், சந்தையில் ஒருவன் மருந்துப் பையை விரித்து உட்கார்ந்திருக்கிறான். அவன் வைத்தியனா, போலியா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிவரும் தாய்க்கு அது எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு வழி காண உழைத்தவர் கேப்டன் சீனிவாசமூர்த்தி.

பட்டாளத்து டாக்டர்

1887-ல் பிறந்த அவர், சட்டமும் இங்கிலீஷ் வைத்தியமும் படித்தார். முதல் உலக யுத்தத்தில் ராணுவ டாக்டராக இருந்தார்.

அந்த நாளில் நாட்டு வைத்தியரின் நிலைமை பரிதாபமானது. 1914-ல் சென்னை மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் சித்த வைத்தியருக்கு இடமில்லை. ஊரே கும்பிடும் வைத்தியரும், நேற்றுக் கடை விரித்த போலியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்!

உஸ்மான் கமிட்டி

1921-ல் அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. அதன் காரியதரிசி சீனிவாசமூர்த்தி. 1923-ல் அறிக்கை வெளிவந்தது. நாட்டு வைத்தியத்துக்கும் சாஸ்திரம் உண்டு என்று அவர் விரிவாக எழுதினார்.

புகழ்ந்ததோடு கமிட்டி நிற்கவில்லை. வைத்தியருக்குப் பள்ளி வேண்டும், பதிவும் வேண்டும் என்றது.

1925-ல் சென்னையில் அரசாங்க இந்திய வைத்தியப் பள்ளி பிறந்தது. அதன் முதல் தலைவர் அவரே. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே பாடம். கூடவே உடற்கூறும் அறுவை சிகிச்சையும் உண்டு. பரீட்சையில் தேறியவருக்கே பட்டயம்.

இரு பக்கமும் எதிர்ப்பு. இது கலப்படம் என்றார்கள் பண்டிதர் சிலர். இது விஞ்ஞானமா என்றார்கள் டாக்டர் சிலர். அவர் அசரவில்லை.

விதை முளைத்தது

பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் 1960-ல் அதே இடத்தில் இங்கிலீஷ் வைத்தியம் கற்பிக்கும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 1962-ல் அவர் காலமானார்.

உழைப்பு வீண் போயிற்றா? இல்லை. 1964-ல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி திறந்தது. 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. குழந்தை மருத்துவம், நோய் நாடல், குணபாடம் என்று ஒவ்வொரு துறைக்கும் அங்கே தனி மேற்பட்டம் உண்டு. முதலில் ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதன்மேல் இன்னும் மூன்று ஆண்டு!

இன்று சித்த வைத்தியரிடம் போகும் தாய், அவருடைய பதிவு எண்ணைக் கேட்கலாம். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார்.