தமிழ்த்தாய் வாழ்த்து எழுதினவர் என்ன டிகிரி படிச்சார்?

காலேஜ்ல எந்த விழா ஆரம்பிச்சாலும் 55 விநாடி எழுந்து நிக்கிறோம். அந்தப் பாட்டை எழுதினவர் மனோன்மணீயம் சுந்தரனார்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. ஒரு மார்க் கேள்வி. ஆனா அவர் தமிழ்ப் பேராசிரியர் இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியுமா? அவர் எம்.ஏ. படிச்சதும், காலேஜ்ல பாடம் நடத்தினதும் தத்துவம்.

எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம் இளையரசனேந்தல். இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள்ல பி.ஏ. முடிக்கிறவங்க சர்டிஃபிகேட்ல இவர் பேர்தான் இருக்கும்: 1990-ல் திருநெல்வேலியில தொடங்கின மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆனா வீட்ல ஒரு பிள்ளை வரலாறோ தத்துவமோ படிக்கிறேன்னு சொன்னா, அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்னுதான் முதல்ல கேப்பாங்க. எந்த ஊர்லயும் இதே கேள்விதான். பதில் வேணும்னா அந்த சர்டிஃபிகேட்ல இருக்கிற மனுஷன் எப்படி வாழ்ந்தார்னு பாருங்க.

சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில 1876-ல் பி.ஏ. முடிச்சார். அடுத்த வருஷமே திருநெல்வேலியில ஒரு ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். அப்போ அவருக்கு 22 வயசு, கிட்டத்தட்ட நம்ம வயசு. இன்னைக்கு இருக்கிற ம.தி.தா. இந்துக் கல்லூரி அந்தப் பள்ளியில இருந்து வளர்ந்ததுதான். நெல்லையில இருந்தப்போ கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள்கிட்ட வேதாந்தம் கேட்டார். காலேஜ்ல ஹார்வின்னு ஒரு பேராசிரியர்கிட்ட மேல்நாட்டுத் தத்துவம், இங்க ஒரு சாமியார்கிட்ட நம்ம தத்துவம். ரெண்டையும் அவர் விடல. 1880-ல் தத்துவத்துல எம்.ஏ. வாங்கினார்.

நடுவுல சில வருஷம் திருவிதாங்கூர் அரசாங்கத்துல வருவாய்த் துறை அதிகாரியாவும் இருந்தார். அப்புறம் தன் குரு ஹார்வி இருந்த அதே தத்துவப் பேராசிரியர் இடத்துக்கு வந்தார். சம்பளம் தந்த வேலைகள் இவ்வளவுதான். ஆனா அவர் பண்ணின காரியங்களைப் பார்த்தா ஒரு ஆள்தானா இதெல்லாம்னு தோணும்.

1888-ல் நூற்றொகை விளக்கம்னு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். உலகத்துல இருக்கிற சாஸ்திரங்கள் எத்தனை வகை, ஒவ்வொண்ணும் எதை ஆராயுது, எதுக்கும் எதுக்கும் என்ன உறவுன்னு தமிழ்ல வகுத்துச் சொல்ற புத்தகம். நம்ம மொழியில டிபார்ட்மென்ட்களுக்கு ஒரு மேப் போட்டார்னு வச்சுக்கோங்க.

மேப் போட்டதோட நிக்கல. திருஞானசம்பந்தர் காலம் என்னங்கிறது அப்போ பெரிய சண்டை. கால்டுவெல் அவரை 13-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய் வச்சிருந்தார். சம்பந்தர் காலத்துப் பாண்டியனும், மார்க்கோ போலோ சொல்ற சுந்தர பாண்டியனும் ஒருத்தர்தான்னு அவர் எடுத்துக்கிட்டதுதான் காரணம். சுந்தரனார் இதைப் பக்தியால மறுக்கல, ஆதாரத்தால மறுத்தார். சங்கரர் பேர்ல வழங்குற சௌந்தர்ய லஹரியிலேயே ஒரு திராவிடக் குழந்தையைப் பத்தி வருது. அது சம்பந்தர்னா அவர் சங்கரருக்கு முந்தினவர். பழைய கல்வெட்டுகள்லயும் சம்பந்தர் பேர் இருக்கு. சமஸ்கிருத நூல், தமிழ் இலக்கியம், கல்வெட்டு மூணையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவரா இருக்க முடியாதுன்னு வாதாடினார். இன்னைக்கும் ஏழாம் நூற்றாண்டுன்னுதான் படிக்கிறோம்.

திருவிதாங்கூர்ல ஊர் ஊராப் போய்க் கல்வெட்டுப் படிச்சு, அந்த நாட்டுப் பழைய ராஜாக்களோட வரிசையை ஆங்கிலத்துல எழுதினதும் இவர்தான்.

1891-ல் மனோன்மணீயம். லிட்டன் பிரபு ஆங்கிலத்துல எழுதின ஒரு கதையை எடுத்து, அதை மதுரை, நெல்லைன்னு நம்ம மண்ணுல நட்டு, 5 அங்கத்துல கவிதை நாடகமா ஆக்கினார். அமைச்சர் பேச்சை நம்பிப் பெரிய கோட்டை கட்டி, அதுவே தன்னைக் காப்பாத்தும்னு இருக்கிற ராஜா. யாருக்கும் தெரியாம சுரங்கம் வெட்டி வைக்கிற ஒரு முனிவர். அவர் பேர் சுந்தர முனிவர்; எங்கேயிருந்து வந்த பேர்னு இப்போ உங்களுக்கே தெரியும். புத்தகத்தை ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். ஆக ரெண்டு குருவும் ஒரே புத்தகத்துக்குள்ள இருக்காங்க.

அந்த நாடகத்துல ஒரு இடம் நம்ம மாதிரி ஆளுங்க கட்டாயம் படிக்கணும். நடராசன்ங்கிற பாத்திரம் ஒரு புல்லையும் நாங்கூழ்ப் புழுவையும் உட்கார்ந்து பார்க்கும். மண்ணைப் பொடியாக்கி உழவனுக்கு உதவுற அந்தப் புழு, பேர் கேக்காம உழைக்குதுன்னு வியக்கும். டார்வின் மண்புழு பத்தித் தனிப் புத்தகம் போட்டது 1881-ல். பத்து வருஷத்துல தமிழ் நாடகத்துலயும் ஒரு புழு இப்படி நுணுக்கமா ஊர்ந்திருக்கு. எழுதினவர் கவிதை மட்டுமே தெரிஞ்ச ஆளா இருந்தா இது வந்திருக்குமா?

1897-ல், 42 வயசுலேயே இறந்துட்டார்.

ஒண்ணை நேராச் சொல்லிடணும். அந்தக் காலத்துல பி.ஏ. படிச்சவங்க கொஞ்சம் பேர்தான், டிகிரி இருந்தாலே வேலை வரும். இன்னைக்கு அப்படி இல்ல. வரலாறு படிச்சா நாளைக்கே வேலைன்னு யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அவரோட வருவாய்த் துறை வேலை சில வருஷத்துல முடிஞ்சது. எந்தக் கேள்விக்கு எந்த ஆதாரம் வேணும், அது எந்தத் துறையில கிடைக்கும்னு தேடிப் போற பழக்கம்தான் கடைசி வரைக்கும் கூட வந்தது. நாம கத்துக்கிற சாஃப்ட்வேர் நாலஞ்சு வருஷத்துல மாறிடும். அந்தப் பழக்கம் மாறாது.

அதனால அடுத்த செமஸ்டர் ஓப்பன் எலெக்டிவ் வரும்போது எதுல ஈசியா மார்க் வரும்னு மட்டும் பார்க்காதீங்க. உங்க டிபார்ட்மென்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ணை எடுத்துப் பாருங்க. வீட்ல தங்கச்சியோ தம்பியோ பி.ஏ. சேரணும்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி இந்த மனுஷன் கதையை அம்மா அப்பாவுக்கு ஒரு தடவை சொல்லுங்க.