பூட்டும் சாவியும்

அமெரிக்க நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் 1839ஆம் ஆண்டு சார்லஸ் பெர்ஸ் பிறந்தார். தந்தையார் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர். தமையனாரின் அறையில் கிடந்த அளவையியல் நூல் ஒன்றைப் பன்னிரண்டாம் அகவையில் படித்தது முதல், அத்துறையே பெர்ஸுக்கு உயிராயிற்று.

எனினும் அது அவருக்குச் சோறிடவில்லை. அரசினரின் கடலோர நிலஅளவைத் துறையில் முப்பதாண்டுகள் பணியாற்றி, ஊசல் கொண்டு புவியீர்ப்பை அளந்தார். இடையே 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரை அளவையியல் விரிவுரையாளராக அமர்த்தியது; 1884இல் விலக்கியது. பின்னர் எப்பல்கலைக்கழகமும் அவருக்கு நிலையான பதவி தரவில்லை. முன்கோபமும் வரவறியாச் செலவும் அவருடைய குறைகளே.

‘எல்லாம்’, ‘ஒன்று’ என்னும் எளிய சொற்களின் பொருளை விளக்கப் பெர்ஸ் ஒரு வழி கண்டார். கூற்றைச் சொல்வோன் அதனைக் காக்க முயல்பவன். கேட்போன் அதனை வீழ்த்த முயல்பவன். ‘எல்லாம்’ என்றால், பொருளைத் தேரும் உரிமை கேட்போனுக்கு. ‘ஒன்று’ என்றால், சொல்வோனுக்கு. ‘எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு’ என்னும் கூற்றைக் கொள்க. கேட்போன் தனக்கு விருப்பமான பூட்டை எடுத்து நீட்டுவான். அதனைக் கண்டபின் சொல்வோன் அதற்குரிய சாவியைக் காட்டினாற் போதும். ‘ஒரு சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும்’ என்பதோ வேறு. இங்கே சொல்வோன் முதலிற் சாவியைத் தேர்ந்துவிட வேண்டும். அதன்பின் எப்பூட்டு வருமென்பது அவன் கையில் இல்லை. சொற்கள் ஏறத்தாழ அவையே. முறை மாறியதும் பொருள் மாறிவிட்டது. பின்னால் தேர்பவனுக்கு முன்னவனின் தேர்வு தெரியும். அதுவே அவனுக்கு வலிமை என்பதைப் பெர்ஸ் தெளிவாகக் கண்டார். மாணாக்கர் மயங்கும் இவ்வேறுபாட்டை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

இக்கருத்துகளை அவர் வளர்த்த காலத்தில் வறுமை அவரைச் சூழ்ந்திருந்தது. பென்சில்வேனியாவில் மில்போர்டு என்னும் சிற்றூரை அடுத்த வீட்டில் மனைவி சூலியட்டுடன் வாழ்ந்தார். புதுத்தாள் வாங்க வழியின்றிப் பழைய தாள்களின் பின்புறத்தே எழுதினார். உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், நண்பர்களிடம் பொருள் திரட்டி உதவினார். 1914இல் புற்றுநோயால் பெர்ஸ் மறைந்தார். அச்சேறாத பல்லாயிரம் பக்கங்களைச் சூலியட் அம்மையார் சிறுதொகைக்கு ஹார்வர்டுக்கு அளித்தார்.

நியூமனும் மார்கன்ஸ்டர்னும் 1944இல் ஆட்டக் கோட்பாட்டை நூலாக வெளியிட்டனர். பின்லாந்து அறிஞர் இண்டிக்கா 1960களில் அதனை அளவையியலுக்குப் பொருத்தி, சொல்வோன் எந்நிலையிலும் வெல்லத்தக்க வழியுடையனாயின் கூற்று மெய் என நிறுவினார். அதன் வித்து பெர்ஸின் தாள்களில் இருந்ததை 1982இல் இல்பினென் என்பார் எடுத்துக்காட்டினார். அப்போது பெர்ஸ் மறைந்து அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.